தொப்பூர் இறக்கத்துக்கு முன் ஓர் உப்பு சோடா

உப்பு தூக்கலா, கம்மியா?
முன்பெல்லாம் அது ஒன்றுதான் கேட்பேன்.

கணவாய் இறங்குமுன் லாரிகள்
ஓரங்கட்டி மூச்சு வாங்கும் இடத்தில் என் பெட்டிக்கடை.
ஒரு சிலிண்டர், கைப்பிடி தேய்ந்த மெஷின்,
எலுமிச்சைக் கூடை, ஐஸ் பெட்டி.
ஒகேனக்கல் தண்ணீர் வரும் நாளில் மட்டும்
சோடா போடுவேன்.
போர் தண்ணீர் எனக்கு ஆகாது.
சின்ன வயதில் அது என் பல்லில் எழுதியதை
நான் சிரிக்கும்போதெல்லாம்
எல்லோரும் படித்துவிடுகிறார்கள்.

சோடா எலும்பைக் கரைக்கும் என்பார்கள்.
வெறும் சோடா பாவம்.
தண்ணீர், கொஞ்சம் காற்று,
மூடி திறந்தால் அந்தக் காற்றும் தங்காது.
கறுப்பு பாட்டில் சங்கதி வேறு:
எட்டு ஸ்பூன் சர்க்கரையை யாராவது
வெறும் வாயில் அள்ளிப் போடுவார்களா,
குளிர்ந்து பொங்கினால் போடுகிறார்கள்.
பன்னீர் சோடாவும் அந்த வீட்டுப் பெண்தான்,
தலையில் ரோஜா வைத்திருக்கிறாள், அவ்வளவு.
எலுமிச்சை பிழிந்து தினம் நாலு குடித்தால்
பல் கூசும். உப்பு, பிரஷர்காரருக்கு எதிரி.
நெஞ்செரிச்சலுக்குச் சோடா கேட்பவருக்கு
எரிச்சல் கூடித்தான் போகும், பாதி நேரம்.
பி.எச்.சி நர்ஸ் பியூலா
பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னவை இவை.
தெரிந்தேதான் விற்கிறேன்.
மகள் பாலிடெக்னிக் மூன்றாம் வருஷம்.

ராயக்கோட்டைத் தக்காளி ஏற்றி
வாரத்தில் மூன்று ராத்திரி வருவார் திம்மராயன்.
கன்னடமும் தமிழும் ஒரே மூச்சில் பேசுவார்.
"செண்பகா, கேஸு புடிச்சிக்கிச்சு,
உப்பு தூக்கலா ஒண்ணு."

அன்றைக்கும் அதையேதான் சொன்னார்.
மார்கழி, இரண்டு மணி,
என் பல் கிட்டிக்கொண்டிருந்தது.
அவர் சட்டை நனைந்திருந்தது.
நான் பார்த்தேன்.
பார்த்துக்கொண்டே எலுமிச்சையை அறுத்தேன்.
ஒரே மடக்கு.
அப்புறம் ஓர் ஏப்பம்,
கிளீனர் பையன் உட்பட எல்லோரும் சிரிக்கும்படி.
"ஆச்சு, போயிடுச்சு" என்றார்.
நானும் சிரித்தேன்.
மீதி பத்து ரூபாயை வாங்காமலே ஏறினார்.

இரண்டாவது வளைவில் வண்டி
ஒழுங்காக ஓரமாய் நின்றிருந்தது.
ஹேண்ட் பிரேக் போட்டிருந்தார்.
நாலு விளக்கும் மின்னிக்கொண்டிருந்தன.
ஒரு தக்காளி நசுங்கவில்லை.

"ஏப்பம் வந்தா இதயம் நல்லாருக்குனு அர்த்தமாக்கா?"
பியூலா கோபமாய்க் கேட்கவில்லை,
அதனால்தான் தாங்கவில்லை.
சோடா அவரைக் கொல்லவில்லையாம்.
தர்மபுரி ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வேண்டிய
அந்த அரை மணி நேரத்தை
பதினைந்து ரூபாய்க்கு நான் வாங்கிக்கொண்டேன்.

இப்போது மூடி திறக்குமுன் கேட்கிறேன்:
வலி கைக்கு இறங்குதா, தாடைக்கு ஏறுதா,
வேர்க்குதா, நடந்தா கூடுதா?
"சோடா கேட்டா ஜாதகம் கேக்குறா" என்று
எதிர்க் கடைக்குப் போகிறவர்கள் உண்டு.
ஐஸ் பெட்டி மூடியில் சிவப்பு பெயின்ட்டால்
நூற்றியெட்டு.

போன மாதம் ஒரு டேங்கர்காரர், நாமக்கல் பக்கம்.
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்,
தாடை என்றதும் பேசாமல் இருந்தார்.
நான் பாட்டிலைத் தரவில்லை.
வேன் வரும்வரை திட்டினார்,
ஏற்றும்போதும் திட்டினார்,
என் பல்லையும் விடவில்லை.

எட்டாம் நாள் வந்து நின்றார்.
"ஈசிஜி, ரத்தம், எல்லாம் பாத்தாச்சு.
வெறும் கேஸுதான்!
ஒரு டிரிப்பு போச்சு உன்னால."
கல்லாவில் காசை அறைந்து
வெறும் சோடா ஒன்று வாங்கி
என் கண்ணெதிரே குடித்து
என் முகத்துக்கு நேராக
ஏப்பம் விட்டார், வேண்டுமென்றே,
நீளமாக.

இன்னொன்று தரட்டுமா என்று கேட்டேன்.
காசு வேண்டாம் என்றேன்.