ஒரு வினைச்சொல் குறைவு

மொந்தேவிதேயோ, வெளியுறவு அமைச்சகம்,
மரபுப் பிரிவில் மூன்றாவது மேசை என்னுடையது.
ஆற்றுப் பக்கத்துச் சன்னலை ஜூலையில் திறப்பதில்லை.
கொடிகள், கார் எண்கள்,
விருந்தில் யாருக்கு அடுத்து யார்:
இருபத்திரண்டு ஆண்டாக இதுதான் பிழைப்பு.

அன்று ஒரே நாட்டிலிருந்து இரண்டு கடிதங்கள்.
நாட்டின் பெயர் வேண்டாம்,
கோப்பை இன்னும் மூடவில்லை.

முதல் கடிதம் அந்நாட்டு அதிபருடையது.
தூதர் பெல்த்ரானைத் திரும்ப அழைத்துக்கொண்டோம்,
இவர் புதியவர், லிசிமாக்கோ தோரிக்கோ,
நம்பி ஏற்றருள்க.
வழக்கமே அப்படித்தான்:
போகிறவரின் சீட்டை
வருகிறவர்தான் தன் பையில் கொண்டுவருவார்.

இரண்டாவது பெல்த்ரான் எழுதியது. பச்சை மை.
'மேலவை வாக்களித்து என்னை அனுப்பியது,
இருபத்தொன்பது பேர் கை தூக்கினார்கள்.
அதிபர் தனியாக அனுப்பவில்லை.
தனியாக அழைக்கவும் முடியாது.
இங்கேதான் இருக்கிறேன்.'

அவர்களுடைய அரசமைப்பை எடுத்துப் படித்தேன்,
மதிய உணவை விட்டுவிட்டு.
'மேலவையின் இசைவோடு அதிபர் தூதர்களை நியமிப்பார்.'
முற்றுப்புள்ளி.
அடுத்த வரி துறைமுகங்களுக்குத் தாவிவிடுகிறது.
நியமிப்பார் இருக்கிறது,
அழைப்பார் இல்லை.
ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி வைத்த கதவு.
தச்சன் மறந்தானா,
தெரிந்துதான் விட்டானா?

இயக்குநர் எச்சேவெர்ரி
மாத்தே குழலை வாயிலிருந்து எடுக்காமலே சொன்னார்:
'அது அவர்கள் வீட்டுச் சண்டை, எதெல்வினா.
முத்திரை சரியா என்று மட்டும் பார்.'

முத்திரை சரியாக இருந்தது.
முத்திரை எப்போதும் சரியாகத்தான் இருக்கும்.

ஆறு வாரம் ஒரு நாட்டுக்கு இரண்டு தூதர்கள்,
ஒருவர் மாளிகையில், ஒருவர் விடுதியின் நான்காம் மாடியில்.
நாடக அரங்கின் விழாவுக்கு
இருவரையும் அழைக்கவில்லை நான்.
காலி இருக்கையில் நிகழ்ச்சித்தாளை மட்டும் வைக்கச் சொன்னேன்.

சட்டம் யோசித்துக்கொண்டிருக்க
கணக்குப் பிரிவு யோசிக்கவில்லை.
முதலில் சம்பளம் நின்றது,
பிறகு தொலைபேசி.
கணப்புக்கு எரிவாயு நின்ற வாரம்
அவருடைய ஓட்டுநர் நிக்கானோர் வந்தார்,
காரிலிருந்து கழற்றிய கொடியைக்
கால்பந்துப் பக்கத்தில் சுருட்டிக்கொண்டு.
'இதை யாரிடம் கொடுக்க வேண்டும், அம்மா?'

அதற்கும் விதி ஏதும் இல்லை.
ரசீது எழுதிக் கொடுத்தேன்:
கொடி ஒன்று. பட்டு. ஒரு ஓரம் பிரிந்தது.
என் இழுப்பறையில் இருக்கிறது, உறைகளுக்கு அடியில்.

ஆகஸ்டில் எங்கள் அதிபர் புதியவரை வரவேற்றார்,
பதினொரு நிமிடம்.
வாத்தியக் குழு அதே கீதத்தை வாசித்தது,
பெல்த்ரான் வந்தபோது வாசித்ததைத்தான்,
எக்காளக்காரர் அதே இடத்தில் தவறினார்.

ஒன்றரை ஆண்டு கழித்துத் தீர்ப்பு வந்தது,
அவர்கள் நாட்டு உச்ச நீதிமன்றத்திலிருந்து,
நாற்பது பக்கம்:
இசைவோடு அனுப்பியவரை
இசைவில்லாமல் அழைத்தது செல்லாது.
அந்த அழைப்பு
நிகழவே இல்லை எனக் கொள்க.

கொள்க என்றால் எப்படி?
மாளிகையில் தோரிக்கோவின் பிள்ளைகள்
ஊஞ்சல் கட்டியிருந்தார்கள்.

மறுநாள் வேறு வேலையாகக் குடியேற்ற அலுவலகம் போனேன்.
வரிசையில் பெல்த்ரான்.
மேலங்கியின் ஒரு பொத்தான் வேறு நிறம்,
கையில் வாடகைச் சீட்டு, இரண்டு புகைப்படம்,
இருநூற்றுப் பதினான்கு என்று அச்சிட்ட துண்டு.
இங்கே தங்க அனுமதி கேட்டு நின்றார்,
எங்கள் நாட்டில் தன் நாடாகவே இருந்தவர்.

தீர்ப்பைச் சொன்னேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
துடைத்துக்கொண்டே இருந்தார்.

'அப்படியானால் இந்த வரிசையில்
நான் நிற்க வேண்டியதில்லை?'

'சட்டப்படி, மேதகு தூதர் அவர்களே,
வேண்டியதில்லை.'

பலகையில் எண் மாறியது: இருநூற்று ஒன்பது.
அவர் அதை அண்ணாந்து பார்த்தார்.

'இன்னும் ஐந்து பேர்தானே' என்றார்,
ஓரடி முன்னே நகர்ந்து.