ஒற்றை முடி

தலையணை உறைக்குள் ஒரு முடி கிடந்தது.
என் முடி நீளம். மூன்று முடிச்சு.
வாஷிங் மெஷின் போட்ட முடிச்சு என்று
எனக்குத் தெரியும், மெஷினுக்கும் தெரியும்.
மேடம் கத்தினாள்: சிஹ்ர்! சூனியம்!
இஸ்திரிப் பெட்டியை
என் இடது முழங்கையில் வைத்துக் கேட்டாள்,
யார் உன்னை அனுப்பினார்கள்?

அனுப்பியவன் ஏஜெண்ட் செல்வின்,
வள்ளியூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்க்கடை.
பதினேழை இருபத்து நான்காக்கியவன்.
'உன் பேரு வாயில நுழையாது தாயி' என்று
ஸ்டெல்லா ஆக்கியவன்.

ஜஹ்ராவில் ஆகஸ்ட்.
மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி என் அறை.
தாழ்ப்பாள் வெளியே மட்டும்.
தூசிக்காற்றின் மூன்றாம் நாள்
தொட்டிக்குள்ளிருந்து அது பேசியது.
அரபி இல்லை, தமிழும் இல்லை,
விசில் அடிக்கும் முன் குக்கர் உறுமுமே, அந்த மொழி.

'உன்னைச் சூனியக்காரி என்றார்களாமே.
முப்பது வருஷமாக ஒருத்தியைத் தேடுகிறேன்.
உனக்கு முன்னால் இருந்தவள் அழுதாள்.
அழுகை எனக்கு ஆகாது, உப்பு.
கோபம் இருக்கிறதா?'

இருக்கிறதாவா?
நாலு மாதச் சம்பளம் இருக்கிறது.
என் தட்டில் பருக்கை எண்ணும் கண் இருக்கிறது.
பொம்பளப் பிள்ளைக்கு இம்புட்டு ஆங்காரம் ஆகாதென்று
ஊரே சேர்ந்து தொண்டைக்குள் தள்ளிய துணிப்பந்து
இன்னும் ஈரமாக இருக்கிறது.

பேய் ஒப்பந்தம் நீட்டியது.
(எல்லோரும் நீட்டுகிறார்கள்.)
பெயர்? ஸ்டெல்லா.
பிறந்த தேதி? பாஸ்போர்ட்டில் இருப்பது.
எழுதி முடித்து என்னைக் கட்டப் பார்த்தது.
கட்டு நிற்கவில்லை, வழுக்கி வழுக்கி விழுந்தது.
இல்லாத ஒருத்தியை எந்தப் பேய் கட்டும்?
செல்வின் அண்ணே, நீ செய்த ஒரே புண்ணியம்.

அப்புறம்தான் சொன்னேன்.
பேச்சி.
தொட்டித் தண்ணீர் அசையாமல் நின்றது.
எங்கள் ஊர்க் காட்டில்
மடியில் ஆளைக் கிடத்திக் குடலை உருவி
மாலையாகப் போட்டு உட்கார்ந்திருப்பவளின் பெயர்.
பின்பெஞ்சு முழுக்கச் சிரித்த பெயர்.
'நீ எங்கள் ஆளா?' என்றது, குரல் இறங்கி.
இல்லை. நீ என் ஆள்.

அதற்கும் ஒரு கஃபீல் இருந்தான், எப்போதோ செத்துப்போனவன்.
அடைத்த வெள்ளி மோதிரம் மேடத்தின் பீரோவில்,
பாஸ்போர்ட்டுகள் இருக்கும் அதே டிராயரில்.

இரவு பத்துக்குக் குப்பைத்தொட்டியருகே
செஹாய், மரிசெல், மன்னார் ஃபர்ஸானா.
தரை துடைக்கையில் முணுமுணுத்தாள் என்று ஒருத்தி சூனியக்காரி.
இவள் பார்த்ததும் குழந்தை அழுதது என்று இன்னொருத்தி.
மரிசெல் காரணம் சொல்லவில்லை, பையைத் திறந்து
தன் வெட்டப்பட்ட பின்னலைக் காட்டினாள்.
ஆளுக்கொரு முடி எடுத்தோம்.
இந்தத் தடவை முடிச்சைக் கையால் போட்டோம்.

மறுநாள் பகல் ஒன்றரை. வெயில் ஐம்பத்தொன்று.
தெருவின் ஏசிகள் எல்லாம் ஒரே மூச்சில் செத்தன.
உள்ளே வந்த வெக்கைக்கு முகம் இருந்தது.
பூட்டுகள் மெழுகாய் ஒழுகின.
மேடம் தன் இடது முழங்கையைப் பிடித்து அலறினாள்.
நான் தொடவில்லை.
எத்தனை நேரம் என்று எண்ணினேன்.
எண்ணப் பிடித்திருந்தது.
இதைச் செஹாயிடம்கூடச் சொல்லவில்லை.

மோதிரத்தைத் தூக்கிப் போட்டேன், போ என்றேன்.
அது போகவில்லை.
எண்பதாம் நம்பர் சாலையில் நாங்கள் நாலு பேர்,
பின்னால் நிழல் இல்லாத ஒன்று.
'அடுத்து எதை எரிக்கட்டும்?'

பொறு.
ப்ளஸ் டூ ரிசல்ட் வந்து மூன்று மாதம் ஆச்சு,
ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லை.
முதலில் அதைப் பார்க்கணும்.
அப்புறம் வள்ளியூர் பஸ் ஸ்டாண்ட்.
எதிர்க்கடை.