கடைசி டி

வேர்க்கிளம்பி எடைமேடையில்
டி.என். எழுபத்தைந்து என்று எழுதும்போது
ஷெல்டன் லாரியிலிருந்து எட்டிப் பார்த்தான்.
"டி.என். நம்ம நம்பர் பிளேட்டு.
டி.என்.டி.ன்னா, கடைசி டி என்னதாக்கும்?"

குவாரியில் இப்போது ஜெல் குச்சிகள்தான்.
ஆனாலும் எல்லா வேட்டுக்கும் இங்கே அதுதான் பேர்.

டொலுயீன், என்றேன்.
பெயிண்ட் தின்னரில் மணக்குமே, அது.
கொலம்பியாவில் தோலு என்றொரு ஊர்,
அந்தப் பக்கத்து மரப்பிசின் கொடுத்த பேர்.
ஆறு கார்பன் வளையம், ஒரு மெத்தில்,
சுற்றி மூன்று நைட்ரோ.
முதல் 'டி' வெறும் மூன்றுதான், டிரை.
மஞ்சள் சாயமாகத்தான் பிறந்தது,
முப்பது வருஷம் போல
யாரும் சந்தேகப்படவில்லை.

"பொறவு ஏன் வெடிக்குது?"

நைட்ரஜனுக்கு ஜோடி சேர்ந்து
காற்றில் சும்மா கிடக்கத்தான் ஆசை.
வளையத்தில் கட்டிப்போட்டால்
ஒரு பலத்த உலுக்கலுக்குக் காத்திருக்கும்.
உள்ளே இருக்கிற ஆக்சிஜன் பத்தாது,
எரியாத கரி
கறுப்பாகக் கிளம்பும்.

நான் படித்த பி.எஸ்சி.
இத்தனை நாள் கழித்து
ஒரு ஆள் கேட்டதில் எனக்கே சிரிப்பு.

காலையில் மலையாக இருந்தது
அவன் வண்டியில் முப்பத்தொரு டன்.
பாஸில் பதினெட்டு என்று எழுதி
சீல் வைத்தேன், களியக்காவிளை தாண்ட.

ஷெல்டன் வாங்கிப் பார்த்தான்.
அந்தச் சுருக்கத்துக்கு
விரிவு கேட்கவில்லை.