கழிவிரக்கம்

பக்கத்துக்கு நாற்பது ரூபாய்.
அவசரம் என்றால் ஐம்பது.
திருவொற்றியூர் கோர்ட்டுக்கு எதிர்ச்சந்தில்
ஜெராக்ஸ் மெஷினுக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவே
என் நாற்காலி.
ஆங்கிலத்தை வாங்கித் தமிழாகத் திருப்பித் தருகிறேன்.

இன்றைக்கு மூன்று பக்கத் தீர்ப்பு.
இரண்டு பக்கம் வழுக்கிக்கொண்டு போனது:
எதிரி பெயர் தேசம்மா, வயது ஐம்பத்திரண்டு,
எண்ணூர் முகத்துவாரத்தில்
இடுப்பளவுத் தண்ணீரில் இறால் தடவிப் பிடிப்பவர்.
முற்பகல் பதினொன்றே காலுக்கு
அதிகாரியின் மேசைமேல்,
கோப்புகள்மேல், திறக்காத டிபன் பாக்ஸ்மேல்
ஒரு அன்னக்கூடை சாம்பல் சேற்றைக் கவிழ்த்தார்.

மூன்றாம் பக்கத்தில் அந்தச் சொல்.
ரிமோர்ஸ்லெஸ்.

"இரக்கமில்லாதன்னு போட்டுட்டுப் போம்மா"
என்றார் குமாஸ்தா பலராமன், டீயை ஆற்றியபடி.
போடலாம்.
ஆனால் இரக்கம்
அடுத்தவர் புண்ணைப் பார்ப்பது.
இது தன் கையைத் தானே பார்ப்பது,
பார்க்க மறுப்பது.

குற்றவுணர்வற்ற?
அதற்கு முதலில் அவள் அதைக் குற்றம் என்று ஒப்ப வேண்டும்.
மனம் வருந்தாத?
உப்புப் போடாத குழம்பு.
மனந்திரும்பாத?
மேம்பாலத்துச் சுவரில் நீலப் பெயின்டில் எழுதுவார்கள்,
அது கோர்ட்டுக்கு ஆகாது.
எங்கள் தெருவில் கேட்டால்
நெஞ்சழுத்தக்காரி என்பார்கள்.
அதில் பாதி வசவு,
மீதிப் பாதி
யாரும் வாய்விட்டுச் சொல்லாத மரியாதை.

பைண்டிங் டேப் ஒட்டிய என் அகராதியைப் பிரித்தேன்.
மழைக்கும் வருமாம் இந்தச் சொல்,
விடாத மழைக்கு.
வெயிலுக்கு வருமாம், காலத்துக்கு,
நிற்காமல் ஓடும் இயந்திரத்துக்கு.
குழாய்க்கு வருமா என்று பார்த்தேன்.
எடுத்துக்காட்டு இல்லை.
வேரில் இருப்பது
ஒரு முறை கடித்ததே மறுபடி கடிப்பது என்று
கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தது.

வருத்தப்படுகிறாயா என்று கேட்டதற்கு
'இல்லையென்று பதிலளித்தார்' என்கிறது தீர்ப்பு.
அவள் இல்லை என்று சொல்லவில்லையாம்.
பலராமன் அங்கேதான் நின்றிருந்தார்.
"இன்னாத்துக்கு? ஆத்துல கொட்னத
ஆபீஸ்ல கொட்னேன், அவ்ளோதானே சார்?"
கூண்டைப் பிடித்திருந்த அவள் விரல்களில்
நகக்கண் எல்லாம் சாம்பல் என்றார்.
பிறகு அவரும் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

கழிவிரக்கம்.
எங்கிருந்தோ வந்தது அந்தப் பழைய சொல்.
கழிந்ததற்கு இரங்குவது.
அடித்தேன்: கழிவிரக்கமற்ற எதிரி.
வரி முடியும் இடத்தில் மெஷின் அதை உடைத்து
'கழிவு' என்பது போல மேலேயும்
இரக்கமற்றதைக் கீழேயும் வைத்தது.
கோர்ட்டுத் தமிழில் எதிரி என்றால்
குற்றம் சாட்டப்பட்டவர்.
வெளியே வந்தால் அந்தச் சொல்லுக்கு வேறு ஆள்.
திருத்தவில்லை. ஒட்டவும் இல்லை.

இங்கேயே முடித்திருக்கலாம்.
ஆனால் வெளியே டிரெய்லர் லாரி ஒன்று திரும்ப,
மேசை அதிர்ந்து அடி டிராயர் தானாகத் திறந்தது.
நாலு வருஷத்துக்கு முந்தைய கார்பன் காப்பி:
கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கான சுருக்க அறிக்கை.
'சாம்பல் குழம்பினால் ஆற்றுக்கும்
அதைச் சார்ந்தோர்க்கும் பாதிப்பேதும் நேராது.'
நல்ல தமிழ். ஒரு பிழை இல்லை.
பதினோரு பக்கம்.
அவசரம் என்று ஐம்பது வாங்கினேன்.

பலராமன் நூற்று இருபதை எண்ணி வைத்தார்.
'சரியான மொழிபெயர்ப்பு' என்ற ரப்பர் ஸ்டாம்பை எடுத்தேன்.
மை காய்ந்திருந்தது.
எச்சில் தொட்டு
அழுத்தினேன்.