எடைக் கணக்கு

பதினெட்டு பீப்பாய்கள்.
ஊறுகாய்த் தொழிற்சாலை கழித்துக் கட்டியவை.
எத்தனை முறை கழுவினாலும்
வெயில் ஏறினால் வினிகர் மூச்சு விடும்.
ஒவ்வொன்றும் நானூறு பவுண்டு தாங்கும் என்றான் ஹோபர்ட்.
முந்நூறுக்கு மேல் நம்பாதே என்றது
அவன் காதில் செருகிய பென்சில்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
இவன் ஆற்றில் போடுவதற்கென்றே அளந்தான்.
கொட்டகையில் சாய்த்துவைத்த ஒட்டுப்பலகையில்
மேலிருந்து கீழாக எழுதினான்:
இரும்பு அடுப்பு, இருநூற்றுப் பத்து.
கட்டில், தொண்ணூறு.
தண்ணீர்த் தொட்டி, நிரம்பினால் முந்நூற்று எழுபத்தைந்து.
நாய், நாற்பத்தொன்று (ஊசி போட்ட சீட்டைப் பார்த்து).
ஹோபர்ட், நூற்று எழுபத்தாறு.
டெல்ஃபா.
என் பெயருக்கு எதிரே ஒரு கோடு.
வெறும் கோடு.

அடுப்பைக்கூடக் குளியலறைத் தராசில்
கால் மாற்றிக் கால் மாற்றி நிறுத்துப் பார்த்தவன்
இருபத்தாறு வருடம் ஒரே போர்வையில் கிடந்தவளிடம்
கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

பிப்ரவரியில் வங்கிக் கடிதம் வந்தது.
மார்ச் முதல் வாரம்
சமையலறை ஜன்னல் வீட்டை விட்டுப் போனது.
பிறகு பின்கதவு, கீலோடு.
பிறகு பாத்திரம் கழுவும் தொட்டி,
அதன் சொட்டும் குழாயோடு.
வீடு இளைக்க இளைக்க
முற்றத்துப் படகுக்குச் சதை பிடித்தது.
ஓட்டைகளில் பிளாஸ்டிக் தாள் அடித்துத் தூங்கினோம்;
இரவெல்லாம் அது படபடத்தது,
பாய்மரம் முளைத்தது போல.

பதிவு அலுவலகத்தில்
ரேனி என்கிற பெண் கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டாள்:
இது படகா, வீடா?
வீடென்றால் வரி. படகென்றால் எண்.
மிதந்தால் படகு, என்றான் ஹோபர்ட்.
மூழ்கினால்?
மூழ்கினால் உங்களுக்கு வேலை மிச்சம்.
அவள் சிரிக்காமல் முத்திரை குத்தினாள்.

மே மாதம், வியாழக்கிழமை.
கோல்மன் ஸ்ட்ராட்டின் டிராக்டர்
வைக்கோல் வண்டியில் எங்கள் வீட்டை ஏற்றிக்கொண்டு
பின்னோக்கியே ஊர்ந்தது கிரீன் ஆற்றுக்கு.
மழை பெய்து ஓய்ந்த ஆறு,
பால் குறைந்த காப்பி நிறம்.
பீப்பாய்கள் ஒருமுறை முனகின.
வண்டி கீழே போனது, படகு போகவில்லை.
மிதந்தது!
கோல்மன் தொப்பியைக் கழற்றி ஆட்டினான்.
ஹோபர்ட் ஆட்டவில்லை.
உள்ளே
மேசையிலிருந்த முட்டை
அடுப்புப் பக்கமாக உருண்டுகொண்டிருந்தது.

ரசமட்டத்தைத் தரையில் வைத்தான்.
குமிழி ஓர் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது.
அடுப்பை நகர்த்த முடியாது, ஆணி அறைந்தாயிற்று.
மனக்கணக்காய் மீண்டும் கூட்டினான்,
உதடு மட்டும் அசைய.
எங்கோ பிழை, எங்கோ பிழை.

நான் செருப்பைக் கரையில் விட்டு
பலகைமேல் நடந்து வந்து
எதிர்ப்பக்கம், கட்டிலின் தலைமாட்டில்
உட்கார்ந்தேன்.

குமிழி யோசித்தது.
பிறகு கிளம்பி
இரண்டு கோடுகளுக்கு நடுவே வந்து நின்றது.

ஹோபர்ட் குமிழியைப் பார்த்தான்.
என்னைப் பார்த்தான்.
மறுபடி குமிழியை.

அந்த ஒட்டுப்பலகைதான் இப்போது
அறையின் உட்சுவர்.
வண்ணம் அடிக்கக் காசில்லை;
எழுத்து அப்படியே இருந்தது.
அவன் காதிலிருந்து பென்சிலை உருவி
எழாமல், எழுந்தால் சாயும் என்று,
எட்டி என் கோட்டின்மேல் எண்ணை எழுதினேன்.

அருகில் வந்து படித்தான்.
முகம் மலர்ந்துபோனது.
அப்படியானால், என்றான்,
இன்னும் இரண்டு மூட்டை மாவு ஏற்றலாமே!

எத்தனை என்று நினைத்திருந்தாய்?

கரையில் கயிறு அவிழ்ந்தது.
எத்தனை, ஹோபர்ட்?

அவன் வாசலுக்குப் போய்க் குனிந்து
ஒன்பது குதிரைச் சக்தி மோட்டாரின் கயிற்றை
தேவைக்கு மேல் வேகமாக
இழுத்தான்.