அடைப்புக்குறிக்குள் உறைபனி

நான்காம் இரவு. பதினான்காம் உறுப்பு.
உதகையின் பழைய ஓட்டல் ஒன்றில்
முப்பத்தொரு நாடுகள் ஒரு வினைச்சொல்லுக்கு முன்னால்
கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கின்றன.

திரையில் வாசகத்தை வைத்திருப்பவள் நான்.
யார் மறுத்தாலும் ஒரு சதுர அடைப்புக்குறி திறப்பேன்,
யார் இறங்கிவந்தாலும் அதை அழிப்பேன்.
எனக்கென்று கருத்து கிடையாது,
அதற்குத்தான் சம்பளம்.

‘அயல் மரங்களை அகற்றுவோம்’ என்றிருந்தது திங்களன்று.
செவ்வாயன்று ‘அகற்ற முயல்வோம்.’
புதன்கிழமை ‘இயன்றவரை’ வந்து
வாசல் பக்கம் பெட்டியோடு உட்கார்ந்துகொண்டது.
இன்றைக்கு, எந்த மரம் எவருக்கு அயல் என்று கேட்கிறார்கள்.

மரத்தின் நாடு சொன்னது:
நாங்கள் அனுப்பவில்லை, நீங்கள் கேட்டீர்கள்.
கேட்ட நாடு சொன்னது:
அப்போது நாங்கள் நாடாகவே இல்லை.
கடல் ஏறிவரும் தீவின் பிரதிநிதி
மெதுவாக ஏதோ சொன்னார்.
ஒலிவாங்கி அணைந்திருந்தது.
பதிவில் அது இல்லை.

நடுநிசியில் ஒருவர் ஒரு காற்புள்ளிக்காகத்
தலைநகரத்துக்குப் போன் போட்டார்.
அங்கே மத்தியானம்,
சாப்பிடப் போயிருந்தார்கள்.

கணப்பில் எரிவது சீகை.
அவலாஞ்சிப் பக்கம் புல்வெளியைத் தின்றுகொண்டிருக்கிற
அதே சீகை.
யாரும் அதைப் பார்க்கவில்லை,
நாற்காலியை மட்டும் நெருக்கிப் போட்டுக்கொள்கிறார்கள்.

இரண்டரைக்கு ஆலன் இன்னும் விறகு கொண்டுவந்தான்.
வீட்டில் அடுப்பும் அதுதான், மகளுக்கு ஃபீஸும் அதுதான்
என்று நேற்று சொல்லியிருந்தான்.
எந்த உறுப்பில் சேர்ப்பது இதை?
நாற்பது கட்டுக்கு ரசீது நீட்டினான்.
அவைத் தலைவி கண்ணாடியைத் தேடாமலே கையெழுத்திட்டார்.
அந்த வாரம்
ஒரே மூச்சில் நிறைவேறியது அது ஒன்றுதான்.

ஐந்து மணிக்கு வெளியே வந்தேன்.
புல்லெல்லாம் உப்புக் கொட்டினமாதிரி உறைபனி.
பாத்திகளில், தோட்டத்துப் பெண்கள் நேற்று மாலை
நாற்றுகளுக்கு இரண்டு பக்கமும்
மிலார் கொத்துகளைச் சாய்த்து ஊன்றிப் போயிருந்தார்கள்.
இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.
நடுவில், கருகாமல்,
இன்னும் என்ன பூ என்று தெரியாத ஒரு பச்சை.

நான்கு நாளாய்
வேலி போடுகிறேன் என்றல்லவா நினைத்திருந்தேன்.

உள்ளே கூப்பிட்டார்கள்.
‘இயன்றவரை’ அங்கேயேதான் இருந்தது, பெட்டியோடு.
தீவின் கை உயர்ந்திருந்தது;
இம்முறை ஒலிவாங்கியில் சிவப்பு விளக்கு.
விறைத்த விரல்களை ஊதிக்கொண்டு
ஒரு குறியைத் திறந்தேன்.