மைனஸ் பதினெட்டில் ஒரு மஞ்சள் தட்டு

எட்மன்டனிலிருந்து யாமினிதேவி அனுப்பிய படத்தில்
ஆரஞ்சுத் தட்டு இரண்டு துண்டு.
பக்கத்தில் ஏதோ மரம், ஒரு இலையில்லை.
"அப்பளம் மாதிரி உடைஞ்சுதுடி கமலவேணி,
சத்தம்கூட அதேதான்."

நான் நம்பவில்லை.
இதே கம்பெனித் தட்டு
சித்திரை வெயிலில் ஸ்கூட்டி சீட்டின்மேல் கிடந்து
தோசையாய் மடிந்ததைப் பார்த்தவள் நான்.

எர்ணாவூரில் சுவர் எழும்பாத மனை ஒன்றில்
எங்களுக்கு ஒன்பது கம்பங்கள்.
சைக்கிள் ரிம், அதிலிருந்து தொங்கும் நாய்ச்சங்கிலி,
தட்டு பட்டால் கலகலவென்று சிரிக்கும்.
ஐந்தாவது கம்பம் அவள் நட்டது. கோணல்.

எங்களுக்கும் குளிர்காலம் உண்டு.
மார்கழி விடியலில் இருபத்தொரு டிகிரி.
வாட்ச்மேன் சற்குணம் குரங்குக் குல்லாய்க்குள் போய்விடுவார்,
உள்ளேயிருந்து குரல் வரும்:
"தினம் தட்டைத் தூக்கி வீசுறியேம்மா,
வீட்ல சோறு சரியில்லையா?"

இருபத்தொன்றில் ஒரு தட்டும் உடையாது.
நிஜக் குளிர் வேண்டுமென்றால்
காசிமேட்டில் வேலை பார்க்க வேண்டும்.
பார்க்கிறேன்.
மூன்றாம் நம்பர் குளிர் அறையின் கணக்கும் சாவியும் என்னிடம்.

வஞ்சிரப் பெட்டிகளுக்கும் கடம்பாவுக்கும் நடுவில்
மஞ்சள் தட்டை வைத்தேன், ஒரு ராத்திரி.
பேரேட்டில் ஏற்றவில்லை.
லோடு தேசப்பன் மட்டும் பார்த்துவிட்டார்.
"இது எந்தக் கடல் மீனு மேடம்?"

காலையில் விரலால் தட்டினால் எவர்சில்வர் சத்தம்.
எப்போதும் பிடிக்கும்போது
விளிம்பு கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்,
சரி, நீ சொல்வதும் சரிதான் என்பதுபோல.
அன்று அது
எதற்கும் ஒத்துக்கொள்வதாயில்லை.

தெர்மாகோல் பெட்டி, சுற்றிலும் உடைத்த ஐஸ்,
எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே
பச்சைக்குழந்தையைப்போல் கால்களுக்கிடையில் வைத்துக்கொண்டு போனேன்.

மூடியைத் திறந்ததும்
ஊர்க்காற்று மொத்தமும் அதன்மேல் வந்து உட்கார்ந்தது.
முத்து முத்தாய் நீர்.
துப்பட்டாவால் துடைத்தேன். மறுபடி.
துடைத்தேன். மறுபடி.
எங்கிருந்து வந்தால் என்ன,
இந்த ஊருக்கு வந்தால் முதலில் வியர்க்கத்தான் வேண்டும்.

வீசினேன். கையைவிட்டு வழுக்கியது.
நேராய்ப் போய்க் கடைசியில்தான் மெல்லச் சாய்கிற தட்டு
சவாரியைக் கண்ட ஷேர் ஆட்டோவாய்
பாதியிலேயே இடப்பக்கம் ஒடித்து
கரண்டுக் கம்பத்தில் போய் மோதியது.
அந்தச் சத்தத்துக்கு
சற்குணம் குல்லாயைக் கழற்றிவிட்டார்.

ஓடினேன்.
உடைந்திருக்க வேண்டும் என்றுதான் ஓடினேன்,
சொல்லிவிடுகிறேன்.

நகக்கண் அளவு ஒரு சில்லு பெயர்ந்திருந்தது, அவ்வளவுதான்.
நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே
விளிம்பு இளகிக்கொண்டிருந்தது.
ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை,
பழையபடி நல்ல பெண்.

போன் போட்டேன். அவளுக்கு இன்னும் நேற்று இரவு.
சிரித்தாள். பிறகு சொன்னாள்:
அங்கே காற்றே கனமாம்,
எவ்வளவு பலமாய் வீசினாலும்
யாரோ எதிரே கைவைத்துத் தடுப்பதுபோல்.
தட்டுகளை ஜாக்கெட்டுக்குள் வயிற்றோடு ஒட்டிவைத்துச்
சூடாறுமுன் ஒவ்வொன்றாய் எடுப்பாளாம்.
பனிக்குள் புதைந்தால் தேடி எடுக்க
அடியில் ரிப்பன் வால்,
அவள் கல்யாணப் பரிசுகளில் கட்டிவந்தது.
"கையுறையைக் கழட்டினா விரல் மரத்துடும்டி.
தட்டை எப்ப விட்டோம்னு
விரலுக்கே தெரியாது."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
நான் குளிரவைத்தது தட்டை மட்டும்.

சில்லுப் போன மஞ்சள் தட்டு என்னிடம்தான் இருக்கிறது.
இரண்டு முறை சீயக்காய், ஒருமுறை எலுமிச்சை,
பாத்திர சோப்பு எத்தனை முறை என்று கணக்கில்லை.
வஞ்சிர வாடை போகவில்லை.
இப்போதெல்லாம் ஐந்தாவது கம்பத்தடியில்
ஒரு சாம்பல் பூனை
நான் வீசுவதற்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கிறது.